பூம்புகார் முதல் ஊட்டி வரை: நீரிழிவு உள்ள நாற்பது பிள்ளைகளின் சர்க்கரை ஸ்ட்ரிப் செலவுக்கு நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த பின், ஜனவரி 20 அன்று காலை, மயிலாடுதுறையிலும் சுற்று ஊர்களிலும் வசிக்கும் 31 பேர் பூம்புகார் கடற்கரையிலிருந்து சைக்கிளில் புறப்படுகிறோம். காவிரியை ஒட்டி மேற்கே போய், பவானி கூடுதுறையில் பவானி ஆற்றின் பக்கம் திரும்பி, ஆறாம் நாள் மாலை ஊட்டி சேர்வது திட்டம். தூரம் ஏறத்தாழ 490 கிலோமீட்டர். கடல்மட்டத்தில் தொடங்கி 2,240 மீட்டர் உயரத்தில் முடிகிறது.

பயணச் செலவுக்காக உங்களிடம் ஒரு பைசாவும் கேட்கவில்லை. சாப்பாடு, தங்கும் இடம், உதவி வேனின் டீசல், பஞ்சர் எல்லாம் ஓட்டுபவர்களின் சொந்தப் பணம். நாங்கள் கேட்பது முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு இரத்தச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் (ஒரு சொட்டு இரத்தம் வைக்கும் சோதனைப் பட்டை) வாங்குவதற்காக.

முதலில் நோயைப் பற்றிச் சில வரிகள். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயும் இதுவும் ஒன்றல்ல. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளை உயிர்வாழ நாள்தோறும் இன்சுலின் போட்டாக வேண்டும். மாத்திரையாலும் பத்தியத்தாலும் இதை ஈடுகட்ட முடியாது. இனிப்பு அதிகம் தின்றதால் வந்தது என்பது தவறு. கர்ப்ப காலத்தில் தாய் எதையோ தின்றதால் வந்தது என்பது அதைவிடப் பெரிய தவறு. நாங்கள் உதவும் பிள்ளைகளின் தாய்மார்களில் பலர் இந்தப் பேச்சை மாமியார் வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்சுலின் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் காப்புரிமையை டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்குக் கொடுத்தார்கள். மருந்துக்குத் தட்டுப்பாடு இல்லாத குடும்பத்திலும் பிரச்சினை வருவது வேறு இடத்தில். எத்தனை யூனிட் போடுவது என்பதைச் சாப்பிடும் முன் இருக்கும் சர்க்கரை அளவைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். குறைவாகப் போட்டால் சர்க்கரை ஏறும்; அதிகமாகப் போட்டால் பிள்ளை மயங்கி விழும். ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு முறை விரலைக் குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். நான்கு முறை என்றால் நான்கு ஸ்ட்ரிப். பயன்படுத்தியதைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

கடையில் ஒரு ஸ்ட்ரிப் 10 முதல் 20 ரூபாய் வரை விற்கிறது. நடுவில் 15 ரூபாய் என்று வைத்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 60 ரூபாய், மாதத்துக்கு 1,800 ரூபாய், ஆண்டுக்கு 21,600 ரூபாய். நாற்று நடவுக்குப் போகும் தாயால் இதைத் தொடர்ந்து தர முடியாது. அதனால் ஒரு நாளைக்கு நான்கு முறை என்பது இரண்டாகிறது, பிறகு வாரத்துக்கு ஒரு முறையாகிறது, கடைசியில் ஸ்ட்ரிப்பைச் செருகிச் சர்க்கரை பார்க்கும் மீட்டர் அலமாரிக்குப் போய்விடுகிறது. நன்கொடையாகக் குளுக்கோமீட்டர் தர எத்தனையோ பேர் முன்வருகிறார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் மீட்டர் வாங்குவது எளிது. ஒரு மீட்டருக்கு அதற்கென உள்ள ஸ்ட்ரிப்தான் பொருந்தும் என்பதால், பிறகு மாதாமாதம் ஆகும் செலவுதான் குடும்பத்தை அழுத்துகிறது. பையில் மூன்று மீட்டர் இருந்தும் ஒரு ஸ்ட்ரிப்கூட இல்லாமல் வந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறோம்.

நாங்கள் உதவும் பட்டியலில் இப்போது 40 பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓராண்டு ஸ்ட்ரிப் செலவு 8,64,000 ரூபாய். குத்தூசி, மீட்டருக்கு பேட்டரி, இன்சுலின் வைக்கும் மண்பானை ஆகியவற்றுக்கு 56,000 ரூபாய். ஆக மொத்தம் 9,20,000. சைக்கிள் ஓட்டும் ஒவ்வொருவரும் 10,000 ரூபாய் கட்டியிருப்பதால் 3,10,000 கையில் இருக்கிறது. மீதி 6,10,000 ரூபாய்க்காகவே இந்த வேண்டுகோள்.

மண்பானை எதற்கு என்று கேட்பீர்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். திறந்ததை அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைக்கலாம். ஆனால் அந்த அறை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், ஒரு பானைக்குள் இன்னொரு பானையை வைத்து இடையில் ஈர மணலை நிரப்பி, மருந்தை உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடுவார்கள். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. இது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. காற்றில் ஈரம் நிறைந்த எங்கள் கடற்கரைப் பக்கம் பலன் குறைவு. காற்று வறண்ட கரூர்ப் பக்கம் நன்றாகக் குளிரும். கோடையில் 40 டிகிரி தாண்டிய ஊர்கள் என்று வானிலை அறிக்கை சொல்லும்போது கரூர் பரமத்தியின் பெயர் அடிக்கடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். பானை தேவைப்படும் இடமும் அதுதான். மலைக்குப் போனால் கவலை தலைகீழாகிறது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளி உறைபனியால் வெளுத்துவிடும். உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது. அங்கே மருந்தைத் துணியில் சுற்றி உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு காரணம். ஆறு நாளில் ஈரம், வறட்சி, பனி மூன்றும் வருகின்றன. எங்களுடன் ஓட்டும் இருவர் பள்ளி வயதிலிருந்தே இன்சுலின் போடுபவர்கள். அவர்களின் மருந்துப் பை எங்கள் எல்லோருடைய பைக்கும் முன்னால் பத்திரமாகப் போகும். உடல் உழைக்கும்போது சர்க்கரை வேகமாக இறங்கும். 70க்குக் கீழே போனால் சைக்கிளை நிறுத்தி 15 கிராம் சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை குழு முழுவதும் நிற்கும். மலையேறிய அன்று இரவு தூக்கத்திலும் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால் நடு இரவில் எழுந்து ஒரு ஸ்ட்ரிப் செலவழிப்பார்கள். பயணத்தில் அவர்கள் பயன்படுத்தும் ஸ்ட்ரிப்பும் அவர்கள் காசுதான். நன்கொடைக் கணக்கில் வராது.

பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதல் நாள் பூம்புகாரிலிருந்து கும்பகோணம். தை மாதம் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால் முதுகில் தள்ளும். எதிர்த்திசையில் வருகிறவர்களுக்குத்தான் பாடு. விடிகாலைப் பனிமூட்டத்தில் எதிரே வருவது லாரியா, அறுவடை இயந்திரமா என்று தெரியாது, ஆகவே ஆறரை மணிக்கு முன் யாரும் சாலையில் இறங்குவதில்லை. சம்பா அறுப்பு தொடங்கிய ஊர்களில் பாதிச் சாலையில் நெல் காயும். அதன் மேல் சைக்கிள் ஓட்டினால் சறுக்கும், காயப்போட்டவரின் வயிறும் எரியும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவது என்று முடிவு. மறுநாள் தஞ்சாவூர், கல்லணை வழியாகத் திருச்சி. மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28 வரை திறந்திருக்கும் என்பதால் ஆற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

மூன்றாம் நாள் திருச்சியிலிருந்து கரூர். வாழைத்தோட்டம் தாண்டியதும் நிலம் காய்ந்து, நிழல் குறைந்துவிடும். நான்காம் நாள் கொடுமுடி, ஈரோடு வழியாகப் பவானி. ஐந்தாம் நாள் கோபிசெட்டிபாளையத்தின் பச்சை வயல்களைக் கடந்து, சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

ஆறாம் நாள்தான் எல்லோரும் பயப்படும் நாள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். அந்த 33 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,450 மீட்டர் ஏற வேண்டும். குன்னூர் வழியில் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸும் சுற்றுலா வண்டியும் நெருக்கும் என்பதால் கோத்தகிரி வழியைப் பிடித்தோம். அங்கே வாகனம் குறைவு, யானை உண்டு. வெளிச்சம் வந்த பிறகே ஏறுவோம், சேர்ந்தே ஏறுவோம், யாரும் தனியாக முந்திப்போகக் கூடாது. முடியாதவர் வேனில் ஏறிக்கொள்ளலாம். எங்களில் மூத்தவருக்கு 67 வயது, அவர் வேனில் ஏறப்போவதில்லை என்று இப்போதே சூளுரைக்கிறார். நீலகிரியில் நுழைய வேனுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அனுமதியில்லை. எல்லோரும் எவர்சில்வர் பாட்டில்தான்.

இவ்வளவு சிரமம் எதற்கு, அந்தப் பத்தாயிரத்தை வீட்டிலிருந்தே கொடுத்துவிட்டுப் போகலாமே என்று எங்கள் வீட்டிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வழியில் முதல் நான்கு நாட்களும் அரசுப் பள்ளிகளில் நின்று ஆசிரியர்களிடம் அரை மணி நேரம் பேசுகிறோம். ஒரு பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்கிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போகிறது, நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது, எப்போதோ நிறுத்திய படுக்கை நனைப்பு திரும்ப வந்திருக்கிறது என்றால் அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும். நாள் கடத்தினால் வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல் என்று முற்றும். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து வேறு வைத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே உயிருக்கு ஆபத்து வந்துவிடும். இதைத் துண்டறிக்கையில் போட்டால் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். வியர்த்து விறுவிறுத்து சைக்கிளில் வந்து இறங்கியவர் சொன்னால் நின்று கேட்கிறார்கள். அதற்காகத்தான் மிதிக்கிறோம்.

எவ்வளவு தருவது என்று தயங்க வேண்டாம். 60 ரூபாய் ஒரு பிள்ளைக்கு ஒரு நாள். 1,800 ரூபாய் ஒரு மாதம். நண்பர்கள் பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டால் ஒரு பிள்ளையின் ஆண்டு முடிந்துவிடும். அலுவலகத்திலும் குடியிருப்பிலும் அப்படிச் சேர்ந்து தருவதை மிகவும் விரும்புகிறோம். எந்தப் பிள்ளைக்கு என் பணம் போகிறது, படம் அனுப்புங்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம். பிள்ளைகளின் பெயரையும் முகத்தையும் யாருக்கும் தருவதில்லை.

பணமாகத் தராமல் வேறு வகையில் உதவ நினைப்பவர்களுக்கு: கும்பகோணம், திருச்சி, கரூர், பவானி, மேட்டுப்பாளையம் ஆகிய ஊர்களில் இரவு தங்க ஒரு மண்டபமோ பள்ளிக்கூடமோ கிடைத்தால் போதும். வாழைப்பழமும் கடலைமிட்டாயும் எவ்வளவு வந்தாலும் தீர்ந்துவிடும். சைக்கிள் மெக்கானிக் ஒருவர் கரூரிலிருந்து கூட வந்தால் அவருக்குக் கடைசிவரை கடன்பட்டிருப்போம். மாலை, பொன்னாடை, வரவேற்பு பேனர் வேண்டவே வேண்டாம். அந்தக் காசை உண்டியலில் போடுங்கள். காலாவதியான ஸ்ட்ரிப்பையும், வீட்டில் மிஞ்சிய இன்சுலினையும் வாங்கமாட்டோம். எந்த வெப்பத்தில் இருந்தது என்று தெரியாத மருந்தைப் பிள்ளைக்குப் போட முடியாது.

நன்கொடைகளை டிசம்பர் 31க்குள் அனுப்பினால் ஸ்ட்ரிப்பை மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்க முடியும். ஆனாலும் ஓராண்டுக்கானதை ஒரே தடவையில் வாங்கமாட்டோம். அதற்கும் காலாவதித் தேதி உண்டு என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கி, பிள்ளைகள் ஊசிக்கு வரும் நாளிலேயே கையில் தருகிறோம். வங்கிக் கணக்கு விவரம் இத்துடன் உள்ள படிவத்தில் இருக்கிறது. வருமான வரி விலக்கு வேண்டுவோர் பான் எண்ணைக் குறிப்பிட்டு வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் விலக்கு கிடைக்காது. ரொக்கம் தருபவர்கள், தொகை சிறிதானாலும், குழு முத்திரையுள்ள இரசீது வாங்காமல் விடாதீர்கள். கடைப் பில்களுடன் முழுக் கணக்கும் மார்ச் இறுதியில் நன்கொடை தந்த எல்லோருக்கும் தபாலில் வரும். இலக்கைத் தாண்டிப் பணம் சேர்ந்தால் காத்திருப்போர் பட்டியலில் உள்ள பிள்ளைகளை வரிசைப்படி சேர்ப்போம். குறைந்தால் ஆண்டு முழுவதற்கும் பதிலாக எத்தனை மாதம் தர முடியுமோ அத்தனை மாதம் 40 பேருக்கும் தருவோம்.

இங்ஙனம்,
பூம்புகார் – ஊட்டி சைக்கிள் பயணக் குழுவினர்,
மயிலாடுதுறை