ரோடு சைக்கிளை விற்றுவிட்டேன் அண்ணா

அண்ணா,

குழுவில் யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ரோடு சைக்கிளை விற்றுவிட்டேன். மண்பாதையில் ஓட்டுகிற கிராவல் சைக்கிள் வந்து பதினைந்து நாள் ஆகிறது. 2027 பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நெடுந்தூர சைக்கிள் சவாரிக்கு நான் வரவில்லை. 1200 கி.மீ., 90 மணி நேரம் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த தாளையும் கிழித்தாயிற்று.

வயசாயிடுச்சாடா என்று கேட்பீர்கள். இல்லை. சங்ககிரிதான் காரணம்.

அந்த இரவைப் பற்றி நாம் ஒருநாளும் நேராகப் பேசியதில்லை. மணி 12.50. 300 கி.மீ. சவாரியை முடிக்க 20 மணி நேரக் கெடு, அதில் மிச்சம் 70 நிமிடம். போக வேண்டியது இன்னும் 24 கி.மீ. உங்கள் பின் டயரில் இரண்டாவது தடவையாக லாரி டயர்க் கம்பி. தலைமுடி கனம்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, டயருக்குள் விரலை விட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தடவிக்கொண்டிருந்தீர்கள். ஆள்காட்டி விரலில் ரத்தம். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அந்தக் காற்றில் உங்கள் முன்சக்கரம் தானாகச் சுற்றி நின்றது.

என் கடைசி டியூபை நீட்டினேன். டார்ச்சை எடுக்காமலே ஏதோ சொன்னீர்கள். எனக்கு 'போ' என்று கேட்டது. போய்விட்டேன்.

'பொறு' என்று சொல்லியிருப்பீர்களோ என்ற நினைப்பு காவிரிப் பாலத்தில் ஏறும்போதுதான் வந்தது. திரும்பியிருக்கலாம். ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவ விதியிலேயே இடமிருக்கிறது. நான் திரும்பவில்லை. 1.52க்கு முடித்தேன்.

மன்னித்துவிடுங்கள் அண்ணா. இதைச் சொல்ல மூன்று வருடம் ஆகிவிட்டது.

ஆனால் ஒன்று. புதிதாக வருகிற ஒவ்வொரு பையனிடமும், "இவன்தான் என்னை நடுரோட்டில விட்டுட்டுப் போனவன்" என்று தோளில் கை போட்டுச் சொல்கிறீர்களே, அந்த டியூபைப் பற்றி ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறீர்களா? எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. சங்ககிரிக்கு மறுநாள் காலை போனில் நீங்கள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அண்ணியும் இதைப் படிப்பார்கள்.

அதற்கப்புறம் பைபாஸில் லாரி நெருங்கும் சத்தம் கேட்டாலே கழுத்து இறுகிவிடும். சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சக்கரம்தான் கண்ணுக்கு முன்னால் வரும்.

இப்போது வாய்க்கால் கரையில் ஓட்டுகிறேன். பவானிசாகர் அணையிலிருந்து கரூர் பக்கம் வரைக்கும் 200 கி.மீ. கீழ்பவானி வாய்க்கால் நம் வீட்டு வாசலில் ஓடுகிறது, நாம் அதை ஹைவே பாலத்திலிருந்து மட்டும்தானே பார்த்திருக்கிறோம்! டயர் 42 மி.மீ., உள்ளே டியூப் இல்லை, ஓட்டை விழுந்தால் தானே அடைக்கிற, பால் மாதிரி ஒரு சீலன்ட். காற்றழுத்தம் 90 பிஎஸ்ஐ வரை ஊதிக்கொண்டிருந்தவன் 35 வைத்து ஓட்டுகிறேன். கல்லில் ஏறினால் டயர் அமுங்கிக் கொடுக்கிறது, கை மரத்துப் போவதில்லை. வேகம் மணிக்கு 18 கி.மீ.தான். களிமண் நனைந்திருந்தால் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அப்பிக்கொள்ளும், இறங்கிக் குச்சியால் நோண்ட வேண்டும். சில இடத்தில் கரை முழுக்க முள்ளு, ஊருக்குள் இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும். பரவாயில்லை. தண்ணீர் திறந்திருக்கிறார்கள். மீன்கொத்தி ஒன்று எனக்கு முன்னாலேயே கிளைக்குக் கிளை தாவிக்கொண்டு வருகிறது. துணி துவைக்கிற சத்தம் அரை கிலோமீட்டர் தள்ளியே கேட்கிறது.

பொங்கலுக்கு அப்புறம் பை கட்டிக்கொண்டு, அணையிலிருந்து கடைமடை வரைக்கும் மூன்று நாளில் போகலாம் என்றிருக்கிறேன். கெடு கிடையாது. பஞ்சரானால் உட்கார்ந்து ஒட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் பெருந்துறை வாய்க்கால் பாலத்தில் இருப்பேன். உங்கள் சைக்கிள் அந்த மண்ணில் ஓடாது, அதனால் என் பழைய எம்டிபியை, அந்த மலைப்பாதை சைக்கிளை, சர்வீஸ் செய்து வைத்திருக்கிறேன். சீட் 74 செ.மீ.யில் இருக்கிறது, உங்கள் அளவு.