எதிரே நிற்பவரைக் கடக்கச் சிறுவர்களை அனுமதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை போன்ற நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர்களில் கால்பந்தைத் தொடாத சிறுவனைக் காண்பது அரிது. இந்தியன் சூப்பர் லீக்கில் ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. அணிகளுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்தாம். அத்தகைய மண்ணில், சிறுவர்களுக்கான பயிற்சிகளிலும் போட்டிகளிலும் கோட்டுக்கு வெளியிலிருந்து ஓயாமல் கேட்கும் ஒரே சொல் 'பாஸ்' என்பதாக இருக்கிறது.

பந்தைப் பகிர்ந்து ஆடுவதற்கு நான் எதிரியல்லன். சொந்தக் கோலுக்கு முன்னால் டிரிபிளிங் செய்ய, அதாவது பந்தைக் காலிலேயே வைத்து எதிராளியைக் கடக்கத் துணியும் சிறுவனைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால், எதிரணியின் பகுதியில், பக்கக்கோட்டை ஒட்டி, துணைக்கு ஆளில்லாத ஒரே ஒரு டிஃபெண்டர் (தடுப்பாட்டக்காரர்) எதிரே நிற்கும்போதும் பந்தைப் பின்னோக்கித் தட்டச் சொல்வது எனக்குப் புரியவில்லை. அவரைக் கடந்துவிட்டால், மற்றொரு டிஃபெண்டர் தம் இடத்தை விட்டு ஓடிவர நேரும். அவர் விட்டுவந்த இடத்தில் நம் வீரர் ஒருவர் தடுப்பாரின்றி நிற்பார்.

கடந்து செல்வதென்றால் வித்தை காட்டுவது என்ற எண்ணமும் தவறானது. 1962 உலகக் கோப்பையைப் பிரேசில் வென்றபோது அதற்குப் பெருந்துணையாக நின்ற கரிஞ்சா, பெரும்பாலும் தம் வலப்பக்கமாகவே டிஃபெண்டரைக் கடப்பார். எந்தப் பக்கம் போவார் என்பது எதிரணிக்கும் தெரியும். எந்தக் கணத்தில் போவார் என்பதுதான் தெரியாது. வேகத்தைத் தணித்து, ஏறக்குறைய நின்றுவிட்டு, திடீரெனப் பாய்வதே அவருடைய வழி. தேர்ந்த டிஃபெண்டர் அவசரப்பட்டுக் காலை நீட்டமாட்டார். உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, பந்தை மட்டும் பார்த்தபடி பின்வாங்குவார். அவருடைய உடல் எடை ஒரு காலில் சாயும் கணம்வரை பந்தைக் காலடியிலேயே வைத்திருந்து, அந்தக் கணத்தில் எடை தாங்கிய காலை ஒட்டிப் பந்தைத் தள்ளிவிட்டால், அந்தக் காலை அவரால் உடனே எடுக்க இயலாது. பந்தைத் தள்ளியபின் அவருடைய ஓட்டப்பாதைக்கு முன்னால் குறுக்காகச் சென்றுவிட வேண்டும். நம் சிறுவர்கள் பலரும் தவறவிடுவது இதைத்தான். கடந்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் அகலமாக ஓடி, பின்தங்கியவருக்கே மீண்டும் வழிவிடுகிறார்கள்.

கடற்கரை மணலில் பந்து அதிகம் உருளாது என்பதால், அங்கே பழகியவர்களுக்குக் கட்டாந்தரையில் பந்து காலைவிட்டு விலகி ஓடுவதும் உண்டு. அது பழகினால் சரியாகிவிடும்.

இதற்குப் பெரிய செலவேதும் இல்லை. சுமார் 10 மீட்டர் அகலமுள்ள இடத்தில், ஒரு கோலுக்குப் பதிலாக இரு மூலைகளிலும் இரண்டு சிறு வாயில்களை வைத்து, இருவரை மோதவிட்டால் போதும். இரண்டையும் காக்க வேண்டியிருப்பதால் டிஃபெண்டர் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்தே தீருவார். அந்தச் சாய்வைக் கவனிக்கச் சிறுவன் தானாகவே கற்றுக்கொள்வான். சில நொடிகளே நீடிக்கும் ஆட்டமென்றாலும் உடலை வருத்துவது என்பதால், இடையிடையே போதிய ஓய்வு தர வேண்டும்.

பந்தை இழந்த சிறுவனை உடனே வெளியே அழைத்து மாற்று வீரரை இறக்கும் வழக்கத்தைப் பயிற்சியாளர்கள் கைவிட வேண்டும். போட்டி நடத்துவோரும் 12 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களைப் பெரிய மைதானத்தில் 11 பேரைக் கொண்டு நடத்தாமல், சிறிய களத்தில் ஏழு பேர் அணிகளாக நடத்தினால், ஒவ்வொரு சிறுவனுக்கும் எதிராளியை நேருக்கு நேர் சந்திக்கும் வாய்ப்பு மிகுதியாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
கால்பந்து ஆர்வலர் ஒருவர்,
கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்.