முடிவில்லாத மலையில இருந்து

அம்மாவுக்கு,

நல்லா இருக்கியா? போன்ல சொன்னா பாதியில "சாப்பிட்டியா"னு கேட்டு பேச்சை மாத்திருவ, அதான் எழுதுறேன்.

போன வாரம் மூணு நாள் லீவு கிடைச்சுது, ஒசாகால ரூம்ல கிடக்க மனசில்லாம கொஹெச்சிங்கிற பழைய யாத்திரை பாதைக்குப் போனேன். கோயாசான் மலையில இருந்து குமானோ ஹொங்கூ கோயில் வரைக்கும் 70 கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்கு மேல மூணு கணவாய். யுனெஸ்கோ 2004லயே பட்டியல்ல சேத்த பாதை, ஆனா கூட்டமெல்லாம் பக்கத்து நகஹெச்சி பாதைக்குப் போயிடுது. நான் நடந்தது கடைசி ஒரு நாள் தூரம்தான், டொட்சுகாவாங்கிற மலைக் கிராமத்துல இருந்து ஹதெனாஷி கணவாய் வழியா. ஹதெனாஷினா முடிவே இல்லாததுனு அர்த்தமாம், ஏறும்போது கால் முட்டிக்கு அது நல்லாவே புரிஞ்சுது. கரடி கிட்ட வராம இருக்க பையில மணி கட்டிருந்தேன், அந்தச் சத்தமும் என் மூச்சும் தவிர ஒண்ணும் கேக்கல.

வழி நெடுக 33 கன்னோன் சிலை, பௌத்தத்துல வர்ற நம்ம அவலோகிதேஸ்வரர்தான், முழங்கால் உயரம்கூட இருக்காது. ஒண்ணுகிட்ட உக்காந்து பாத்தேன், மழை அரிச்சு மூக்கே தேஞ்சுபோச்சு, மடியில பாசி, அதுமேல யாரோ வச்ச ஒரு அஞ்சு யென் காசு. அப்புறம் வானத்தை நம்பி நெல்லு போட்ட வயல் இருந்த இடம் வந்துச்சு, இப்ப அங்க முழுக்க மரம்தான் நிக்குது.

இதுக்குதாம்மா எழுத உக்காந்தேன். 1889 ஆகஸ்ட்ல பெருமழை, மலை சரிஞ்சு ஆத்தை மறிச்சு, டொட்சுகாவால ஊர் ஊரா அடிச்சுட்டுப் போயிருக்கு. சுமார் 2,500 பேர் கிளம்பி வடக்க ஹொக்கைடோ தீவுக்கே போயிட்டாங்க, பனியும் காடும் தவிர ஒண்ணும் இல்லாத இடம். அங்க போட்ட ஊருக்கு என்ன பேர் தெரியுமா, ஷின் டொட்சுகாவா, புது டொட்சுகாவா. இன்னைக்கும் அதே பேர்தான். இதைப் படிச்சப்ப தொண்டை அடைச்சுக்கிச்சு.

ஹொங்கூ கோயிலும் அதே வெள்ளத்துலதான் போச்சு, மிஞ்சின சன்னதிகளை மேட்டுக்கு மாத்திட்டாங்க. ஆத்தோரம் கோயில் இருந்த பழைய இடத்துக்கும் போனேன், வெறும் புல்லு, சுத்தி மரம். செருப்பைக் கழட்டிட்டு கொஞ்ச நேரம் நின்னேன்.

மழை ஆரம்பிச்சுருச்சாமே, பின்பக்கச் சுவரு தாங்குதா? தம்பியை ஒரு போட்டோ அனுப்பச் சொல்லு, கொல்லை வேப்பமரமும் தெரியுற மாதிரி.

உன் மகன்