அந்த அறைக்குத் துணை நின்ற எல்லோருக்கும்

வணக்கம்.

விடைத்தாள் திருத்தும் வேலையெல்லாம் ஓய்ந்தபின் இந்த மடலை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வடசென்னையில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் மாணவர்களுக்கான மனநல ஆலோசனை அறையின் பொறுப்பும் சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அந்த அறை நடப்பதற்குக் காரணமானவர்கள் பலர். நேரில் நன்றி சொன்னால் "அட விடுங்க மேடம்" என்று நகர்ந்துவிடுவீர்கள். அதனால்தான் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன். கல்லூரியின் பெயரும் உங்கள் பெயர்களும் இதில் இல்லை. அவற்றைப் போட்டால் பிள்ளைகளை யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள்.

முதல் நன்றி நூலகர் ஐயாவுக்கு. தொடக்கத்தில் எங்களுக்குக் கிடைத்த அறை அலுவலகத்துக்கு நேர் எதிரே இருந்தது. வாசலில் பெரிய பலகை வேறு. ஃபீஸ் கட்ட நிற்கும் வரிசை முழுக்க அந்தக் கதவைப் பார்த்தபடி நிற்கும். எந்தப் பிள்ளை அதற்குள் நுழையும்? பழைய நாளிதழ்க் கட்டுகள் அடுக்கியிருந்த நூலகத்தின் பின்னறையை ஐயாதான் காலி செய்து கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல், டிஎன்பிஎஸ்சி குரூப் 4 வழிகாட்டிகள் இருக்கும் அலமாரியை அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். எங்கள் கல்லூரியில் பாதிப் பேர் குரூப் 4க்குப் படிக்கிறவர்கள். அந்தப் பக்கம் யார் போனாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உள்ளே இருந்த பழைய மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மேடம், அது அப்படியே ஓடட்டும். உள்ள பேசுறது வெளிய கேக்காது" என்றார். பலகை வைத்தபோது வராத பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கினார்கள். ஜூனில் அறை வேறு கட்டடத்துக்குப் போகிறது. அதனால் இந்த ஏற்பாட்டை இப்போது தாராளமாகச் சொல்லலாம்.

ஆலோசகர் மேடத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வருகிறவர்களிடம் "என்ன பிரச்சினை?" என்று அவர் ஆரம்பிப்பதே இல்லை. "ராத்திரி தூங்கினியாப்பா? காலையில என்ன சாப்பிட்ட?" என்றுதான் கேட்பார். எங்கள் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கேட்டரிங் வேலை, உணவு டெலிவரி, குளிர்பதனக் கிடங்கு என்று இரவெல்லாம் உழைத்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவர்கள் நிறைய. தூக்கமும் இல்லாமல் வயிற்றில் ஒன்றும் இல்லாமல் இருப்பவனிடம் மன அழுத்தம் பற்றி வகுப்பெடுத்து என்ன பயன்? மேடம் ஒரு சின்னச் சீட்டில் கையெழுத்துப் போட்டு கேன்டீனுக்கு அனுப்புவார். கேன்டீன் அக்கா அந்தச் சீட்டை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் நாலு இட்லி வைப்பார். கூட்டம் இருந்தாலும் அந்தப் பிள்ளையைக் காத்திருக்க விட மாட்டார்.

ஒரு மாணவனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். அவனும் அவன் அம்மாவும் "எழுதுங்க மேடம்" என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். காசிமேட்டுப் பையன். விடியற்காலை ஏலத்தில் மீன் பெட்டி தூக்கிவிட்டு வகுப்புக்கு வருவான். முதல் மணி நேரத்தில் தூங்கி விழுவான். குடித்துவிட்டு வருகிறான் என்று சிலர் பேசினார்கள். ஒருநாள் தேர்வு அறையில் நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு விட முடியாமல், "செத்துடுவேன் போலிருக்கு" என்று எழுந்துவிட்டான். வாட்ச்மேன் அண்ணன் அவனைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். ஈசிஜி எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. அந்த நேரத்துக்குள் படபடப்பும் அடங்கிவிட்டது.

அன்று பணியில் இருந்த இளம் மருத்துவரே, உங்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் இந்த மடலில் பெரிய கும்பிடு. "ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போ" என்று நீங்கள் அனுப்பியிருக்கலாம். இதயத்தில் கோளாறு இல்லை, ஆனால் உனக்கு வந்தது நிஜம், அதற்குப் பெயர் பீதித் தாக்குதல், சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும், அதனால் உயிர் போகாது என்று அவனுக்குப் புரியும்படி சொல்லி, மனநலப் பிரிவு ஓ.பி. வரைக்கும் நீங்களே நடந்து கூட்டிப்போனீர்கள். அங்கே உட்கார வைத்துவிட்டுத்தான் திரும்பினீர்களாம். வாட்ச்மேன் அண்ணன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

மனநலப் பிரிவு மருத்துவர்களுக்கும் நன்றி. மகனுக்குக் காத்து கருப்பு பட்டுவிட்டதென்று அந்த அம்மா ஏற்கெனவே தாயத்துக் கட்டியிருந்தார். மாத்திரை என்றதும் போதை மாத்திரையோ என்று பயந்துவிட்டார். மருத்துவர் கோபப்படவில்லை. "தாயத்து இருக்கட்டும்மா, அதோட இதையும் குடுங்க" என்றார். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், முதல் வாரத்தில் குமட்டல் இருக்கலாம், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த அம்மா ஓ.பி. சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு தவணைக்கும் மகனோடு வந்தார். அம்மா, உங்களுக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு. பையன் தேர்வு எழுதி முடித்துவிட்டான்.

மகளிர் காவல் அதிகாரி ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனையில் இருந்தபோது, கேஸ் ஆகிவிடும் என்று பயந்து குடும்பமே எல்லாவற்றையும் மறைக்கப் பார்த்தது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி அப்படி முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. அதையெல்லாம் அந்த அதிகாரி சுருக்கமாக, "கேஸெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா, மொதல்ல புள்ளயப் பாருங்க" என்று சொல்லி முடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வீட்டார் மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார்கள்.

14416 என்ற எண்ணில் இரவும் பகலும் பேசுகிறவர்களுக்கும் நன்றி. 2022 அக்டோபரில் நாடு முழுக்கத் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். எங்கள் அறை சாயங்காலம் பூட்டிவிடும். பயமும் அழுகையும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. மாணவியர் கழிப்பறைக் கதவின் உட்புறம் அந்த எண்ணை ஒட்டலாம், தனியாக இருக்கும்போது போனில் ஏற்றிக்கொள்வார்கள் என்று யோசனை சொன்னது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. நோட்டீஸ் போர்டில் ஒட்டியபோது யாரும் நின்று படிக்கவில்லை. உனக்கு நன்றி கண்ணு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளமும் அதோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கசிவும் சேர்ந்து வந்தபோது எர்ணாவூர், நெட்டுக்குப்பம் பக்கத்துப் பிள்ளைகள் பல நாள் கல்லூரிக்கு வரவில்லை. வலையும் படகும் எண்ணெய் படிந்து கிடக்க, வீட்டில் வருமானம் நின்றுபோயிருந்தது. ஆலோசகர் மேடமும் என்எஸ்எஸ் மாணவர்களும் வீடு வீடாகப் போனார்கள். சர்டிஃபிகேட் நனைந்துபோனதால் இனி படிக்கவே முடியாது என்று ஒரு பெண் நினைத்துக்கொண்டிருந்தாள். நகல் சர்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததுதான் அன்று அவளுக்குக் கிடைத்த மனநல ஆலோசனை. அதுவும் ஆலோசனைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல்வர் ஐயா, அறைக்கு யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலை நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை, கேட்டவர்களுக்கும் தரவிடவில்லை. மேடத்தின் பதிவேட்டில் எண்கள் மட்டும்தான் இருக்கின்றன. அந்த நம்பிக்கையில்தான் பிள்ளைகள் வாயைத் திறக்கிறார்கள்.

'ரூட்டு தல', அதாவது பஸ் வழித்தடத்து மாணவர் கோஷ்டித் தலைவன்கள் என்று ஊரெல்லாம் பழி சுமந்த மூன்றாம் ஆண்டுத் தம்பிகளே, புதிதாகச் சேர்ந்த பையன்களை நீங்கள்தான் தோளில் கைபோட்டு அழைத்து வந்தீர்கள். "சும்மா போய்ப் பேசிட்டு வாடா, நானும் பேசிக்கிறேன்" என்று நீங்கள் சொன்னது எங்கள் சுற்றறிக்கைகள் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது.

பழைய மாணவர்களுக்கு: 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் அதற்கு முன்பிருந்தே மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து மேடத்தின் ஊதியத்தைக் கொடுத்துவருகிறீர்கள். துறைமுகத்திலும் மெட்ரோவிலும் வங்கியிலும் வேலை செய்யும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்தப் பாரம் காலம் முழுக்க உங்கள் தலையில் இருக்கக் கூடாது. இது நிரந்தரப் பணியிடமாக வேண்டும். அதற்கான மனுவை அனுப்பியிருக்கிறோம், விடாமல் கேட்டுக்கொண்டும் இருப்போம்.

கேன்டீன் அக்கா, அந்தச் சீட்டுகளையெல்லாம் கூட்டிப் பார்க்கவே இல்லை என்கிறீர்கள். ஜூனில் கல்லூரி திறந்ததும் கணக்கு நோட்டோடு வாருங்கள். பழைய மாணவர்கள் அதற்கென்று தனியாகப் பணம் கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் கெமிஸ்ட்ரி மேடம்