பிளாஸ்டிக் பரப்பில் எலெக்ட்ரான்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரை, பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அதன்மேல் விழும் எலெக்ட்ரான் ஆற்றலை இழக்காமல் திரும்பிவிடும் என்கிறது. அப்படித் திரும்புபவை சிலவே. மின்சாரத்தைக் கடத்துவது வேறு, ஆற்றலை வாங்கிக்கொள்வது வேறு.

1,000 எலெக்ட்ரான்வோல்ட் (எலெக்ட்ரானின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுடன் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குக்குள் நுழையும் எலெக்ட்ரான், சராசரியாக 3 நானோமீட்டர் அளவு போவதற்குள்ளேயே அங்குள்ள எலெக்ட்ரான்களைக் கிளறிவிட்டு, பெரும்பாலும் 20 எலெக்ட்ரான்வோல்ட்டை ஒட்டிய ஒரு தொகையைப் பறிகொடுக்கிறது. பாலிஸ்டைரீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் இதோடு 7 எலெக்ட்ரான்வோல்ட் அருகே ஒரு சிறு மேடும், எலெக்ட்ரான்கள் எவ்வளவு ஆற்றலை இழந்தன என்று காட்டும் இழப்பு நிறமாலையில் தெரியும்; அது அதன் மூலக்கூறிலுள்ள பென்சீன் வளையத்தின் (ஆறு கார்பன் அணுக்களாலான வளையம்) வேலை. வளையமே இல்லாத பாலிஎத்திலீனில் அந்த மேட்டைத் தேடினாலும் கிடைக்காது.

எலெக்ட்ரான் ஆற்றலை இழப்பதில் கட்டுரையாளர் தொடாமல் விட்ட கடைசிக் கட்டம்தான் எனக்குச் சுவையானது. உலோகத்தில் எவ்வளவு சிறிய ஆற்றலையும் வாங்கிக்கொள்ளக் கட்டற்ற எலெக்ட்ரான்கள் காத்திருக்கின்றன. பாலிஎத்திலீனிலோ ஓர் எலெக்ட்ரானைக் கிளப்பவே ஏறத்தாழ 8 எலெக்ட்ரான்வோல்ட் வேண்டும். அதற்கும் கீழே இறங்கிவிட்ட எலெக்ட்ரானுக்கு, பிணைப்புகளை அதிரவைத்துச் சில்லறையாகச் செலவழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை ஒரு முறை அதிரவைத்தால் 0.36 எலெக்ட்ரான்வோல்ட்தான் குறையும். அதனால் மெதுவான எலெக்ட்ரான் உலோகத்தில் போவதைவிட இங்கே அதிக ஆழத்திலிருந்தும் வெளியேற முடிகிறது; வெளியேறாதவை மூலக்கூறுச் சங்கிலிகளிடையே சிக்கி, மின்னூட்டமாகத் தங்கிவிடுகின்றன.

நான் கல்லூரி ஆய்வகத்தில் பணியாற்றியபோது, பூச்சு எதுவுமில்லாத பாலிஸ்டைரீன் துண்டு ஒன்றை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். உருப்பெருக்கத்தைக் கூட்டி அரை நிமிடம் பார்த்துவிட்டுக் குறைத்தால், பார்த்த இடத்தில் அளந்து வைத்ததுபோல் ஒரு செவ்வகம் வேறு நிறத்தில் நின்றது. படமும் ஒரு பக்கமாக நழுவிக்கொண்டே இருந்தது. கருவிதான் பழுதென்று பராமரிப்புப் பொறியாளரை வரவழைத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. சில நானோமீட்டர் கனத்துக்குத் தங்கம் பூசியதும், தங்கிய மின்னூட்டம் அதன் வழியே வடிந்துபோக, படம் அசையாமல் நின்றது. ஆற்றலோடு திரும்பிவிடும் எலெக்ட்ரான் அந்தச் செவ்வகத்தை எப்படி வரைந்திருக்கும்?

அந்த ஒரு வரியையாவது திருத்தி வெளியிட வேண்டுகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்