சின்னம் வரையும் முன்: ஒரு திறந்த மடல்

படைப்பிரிவுகளின் சின்னங்களை வரைந்து ஒப்புதல் தரும் குழுவினருக்கு,

வணக்கம். தோளிலும் தொப்பியிலும் வீரர்கள் அணியும் சின்னங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து, அவற்றின் பின்கதைகளைத் தேடிப் படித்து வருகிறேன். அந்த ஈடுபாட்டில் எழுகிற ஒரே வேண்டுகோள் இது: ஒரு சின்னத்துக்குள் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள்.

புதிதாக வரும் பல சின்னங்களில் கழுகு, வாள், மின்னல், உலக உருண்டை, நட்சத்திரங்கள், அடியில் முழக்க வரி எல்லாமே உள்ளங்கையை விடச் சிறிய வட்டத்துக்குள் அடைந்து கிடக்கின்றன. நாலடி தள்ளி நின்றால் வண்ணக் கலவைதான் தெரிகிறது.

கேடயச் சின்னங்கள் ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டில் பரவிய காலத்தில், தலைக்கவசம் முகத்தை மறைத்த போர்க்களத்தில் ஆளைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்ட அவை பெரிதும் உதவின. அந்த மரபில் மஞ்சளையும் வெள்ளையையும், பொன்னாகவும் வெள்ளியாகவும் கருதி, உலோகம் என்பார்கள்; சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு போன்றவை நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகமோ நிறத்தின் மேல் நிறமோ வரக்கூடாது என்பது விதி. கண்ணுக்குத் தெளிவாகப் படவேண்டும், அவ்வளவுதான். இன்று பல படைகளின் களச் சீருடையில் சின்னம் மங்கிய பச்சை, கறுப்பு போன்றவற்றில்தான் வருகிறது. நிறம் போய்விடும், வெளிக்கோடுதான் மிஞ்சும். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரிட்டனின் 7-ஆவது கவசப் படை டிவிஷனுக்கு ஜெர்போவா என்கிற பாலைவன எலிதான் சின்னம். ஒரே ஒரு எலி! அந்த வீரர்களுக்குப் 'பாலைவன எலிகள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. 1801-இல் அலெக்சாண்டிரியாவில் பிரிட்டனின் 28-ஆவது காலாட்படை ரெஜிமென்டைப் பிரெஞ்சுப் படை முன்னும் பின்னும் தாக்கியது. பின்வரிசை வீரர்கள் அப்படியே திரும்பி நின்று, முதுகோடு முதுகு சேர்த்துச் சண்டையிட்டார்கள். அந்த நினைவாகத்தான் அந்த ரெஜிமென்டும், அதன் வழிவந்த குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்டும் தொப்பியின் பின்புறத்திலும் ஒரு சிறு சின்னம் அணிந்தன. வாளும் மின்னலும் சேர்த்து வரைந்தாலும் இதைச் சொல்லிவிட முடியாது. அது இருக்கும் இடமே கதை சொல்கிறது.

சின்னத்தை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் 45-ஆவது காலாட்படை டிவிஷன் அணிந்திருந்தது சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் ஸ்வஸ்திகா. தென்மேற்கின் பழங்குடியினரிடையே அது நற்பேற்றுக் குறி. ஜெர்மனியின் நாஜிகள் அதைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்ட பிறகு அதை அணிய முடியுமா? 1939-இல் அந்த இடத்தில் பழங்குடி மரபின் இடிப்பறவை வந்தது. ஆனால் டிவிஷனுக்கு வீரர்களைத் தந்த நான்கு மாநிலங்களைக் குறித்த சதுரம் அப்படியே நின்றது, சிவப்பும் மஞ்சளும் நின்றன. மாற்றவேண்டியதை மட்டும் மாற்றினார்கள்.

அதனால் படத்தைத் தொடும் முன் சின்னத்தைச் சொற்களில் எழுதிப் பாருங்கள். பழைய மரபும் அதுதான்: சொல் விவரிப்பே மூலம், ஓவியர் அதைப் பார்த்துத்தான் வரைவார். இரண்டு வாக்கியத்தில் அடங்காவிட்டால் எதையாவது எடுத்துவிடுங்கள். அப்புறம் கறுப்பு வெள்ளையில், தோளில் தைக்கும் அளவிலேயே அச்சிட்டு எதிர்ச்சுவரில் ஒட்டுங்கள். அதை அணியப்போகும் இளம் வீரர் ஒருவரை அழைத்து, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அவர் தயங்கினால் தயவுசெய்து ஒப்புதல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
சின்னங்களை நேசிக்கும் ஒருவன்