எங்கள் வீடியோ விளையாட்டு வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024/25 - வெள்ளவத்தை, கொழும்பு

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும். அவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி ஒன்று இதில் இருக்கிறது.

இந்த ஆண்டு பத்துப் போயா தினங்களில், அதாவது பௌர்ணமி விடுமுறை நாட்களில், கூடினோம். வெசாக், பொசன் போயாக்களில் கூட்டம் வைக்கவில்லை. ஆகஸ்டில் பெரியவர்களுக்கான கால்பந்துப் போட்டியும் டிசம்பரில் பிள்ளைகளுக்கான மாரியோ கார்ட் என்ற கார்ப் பந்தயப் போட்டியும் நடந்தன. கனடா சென்ற முன்னாள் உபதலைவருக்குப் பிரியாவிடை கொடுத்தோம். மின்விசிறி மாற்றப்பட்டது.

சரி, இனிக் குறிப்பேட்டுக்கு வருகிறேன். சென்ற பொதுக்கூட்டத்தில் நான் முன்வைத்த யோசனை இது. எல்லோரும் கை உயர்த்தி ஏற்றீர்கள். ஒரு பெரிய சி.ஆர். கொப்பி, ஆளுக்கு ஒரு பக்கம். உங்களுக்கு மிகப் பிடித்த விளையாட்டு எது, அதை முதலில் எங்கே ஆடினீர்கள், இப்போது எந்த நேரத்தில் ஆடுகிறீர்கள், யாருடன், எப்போது நிறுத்துவீர்கள். ஐந்தே கேள்விகள். எங்கள் 41 அங்கத்தவர்களில் எழுதித் தந்தவர்கள் 16 பேர்.

அந்த 16 பக்கங்களையும் நான் பல தடவை வாசித்துவிட்டேன். முதல் பக்கம் எங்கள் மூத்த அங்கத்தவருடையது. தொண்ணூறுகளில் புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய கையடக்க பிரிக் கேம் பற்றி எழுதியிருக்கிறார். பெட்டியில் 9999 விளையாட்டு என்று போட்டிருந்ததாம். அவர் ஆடியதோ கட்டை அடுக்குவது மட்டும். அது 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் என்பது எங்கள் கூட்டத்துக்கு வந்த பிறகுதான் ஐயாவுக்குத் தெரியும். இப்போது போனில், இரவு மருந்து குடித்த பிறகு மூன்று ஆட்டம். நீளக் கட்டைக்காக இடது ஓரத்தில் ஒரு வரிசையை வெறுமையாக விட்டு வைப்பாராம். அது வந்தாலும் வராவிட்டாலும் மூன்றாவது ஆட்டத்தோடு போனை வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்.

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது ஸ்டார்டியூ வேலி பற்றி. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம், இசை, கதை எல்லாவற்றையும் தானே செய்து 2016இல் வெளியிட்ட பண்ணை விளையாட்டு அது. பிள்ளை நித்திரையான பிறகு அக்கா அதில் பூசணி நடுகிறார். அந்த விளையாட்டில் நித்திரைக்குப் போனால்தான் அன்றைய நாள் சேமிக்கப்படும். அதனால் அந்தப் பண்ணைக்காரி படுக்கும்போது தானும் படுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறாராம். பல்லாங்குழியைத் தவிர எந்த விளையாட்டையும் ஆடாத என் அம்மாவுக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

தெஹிவளைத் தம்பியின் பக்கம் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் பற்றியது. ஊர் கட்டிப் படை திரட்டிப் போரிடும் அந்த விளையாட்டு 1999இல் வந்தது. இன்றைக்கும் புதிய இணைப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. 2022இல் வந்த இந்திய இணைப்பில் திராவிடர் என்ற பிரிவும் இராஜேந்திர சோழனின் படையெடுப்பும் சேர்க்கப்பட்டன. அந்தப் பிரிவின் ஆட்கள் தமிழில்தான் பதில் சொல்வார்கள் என்று தம்பி எழுதியிருந்ததை நான் நம்பவில்லை. ஒக்டோபர் கூட்டத்தில் அவர் மடிக்கணினியை ஒலிபெருக்கியோடு இணைத்து, திரையில் நின்ற ஒரு கிராமத்தாளின் மேல் அமத்தினார். தமிழ்க் குரல் வந்தது. அறையில் பேச்சு நின்றுவிட்டது. பின்வரிசையில் பட்டீஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுவன் எழுந்து வந்து, “இன்னொருக்கா அமத்துங்கோ அண்ணா” என்றான். இருபது தரமாவது அமத்தியிருப்போம். இருபது வருடமாக ஆடுகிற ஒரு விளையாட்டுக்குள் எங்கள் மொழியைக் கேட்ட நாள் அது. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் 13 பேர் மட்டுமே என்பதை இப்போது நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நோக்கியா போனில் இருந்த பாம்பு விளையாட்டு. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களில், அலுமாரியில் கிடந்த பழைய 3310ஐ எடுத்து மெழுகுதிரி வெளிச்சத்தில் என் தம்பியும் நானும் மாறி மாறி ஆடினோம். வேறு வேறு அறைகளில் இருந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அந்த ஒரு சின்னத் திரைக்காக ஒரே கதிரையில் நெருக்கி உட்கார்ந்தோம். இந்த வட்டம் தொடங்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது அங்கேதான்.

நவம்பரில் ஒரு தாய் கேட்ட கேள்வியையும் பதிவு செய்கிறேன். பிள்ளைகளைக் கெடுக்கிற ஒன்றுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் இத்தனை மணித்தியாலம் என்று ஒரு கணக்கு இல்லை. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட அது முதலாவதாக வருவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. இவை வழக்கமாக ஒரு வருடமாவது நீடித்தால்தான் கோளாறு என்கிறார்கள். அதனால்தான் எப்போது நிறுத்துவீர்கள் என்ற கேள்வியைக் குறிப்பேட்டில் வைத்தேன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு தம்பி அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டிருந்தான். அடுத்த போயாவுக்கு வந்து, கொப்பியைக் கேட்டு வாங்கி, பப்ஜியை வெள்ளி இரவுக்கு மட்டும் என்று எழுதினான். அந்த ஒரு வரிக்காகவே இந்த வேலை வீண் போகவில்லை என்று சொல்வேன்.

இனி வராதவர்கள் விடயம். கூட்டங்களுக்குச் சராசரியாக 14 பேர் வந்தோம். மீதிப் பேர் இரவு பதினொரு மணிக்கு இணையத்தில் விளையாடுவது எனக்குத் தெரியும். பச்சைப் புள்ளி எரிகிறதே. காலி வீதி என்கிற பெருந்தெருவைக் கடந்து இரண்டு மாடி ஏறத்தான் நேரமில்லை. நான் நுகேகொடையில் வேலை முடித்து ஒரு பேருந்தில் தெஹிவளைக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்துத்தான் சாவியோடு வருகிறேன். மாதச் சந்தா 300 ரூபா. வருடம் முழுவதும் ஒழுங்காகக் கட்டியவர்கள் 17 பேர். கஷ்டம் உள்ளவர்கள் தனியாகச் சொன்னால் போதும், யாரும் கேட்கப்போவதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் வருத்தம்.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். வாடகை, தேத்தண்ணி, சில்லறைச் செலவுகள் போக, கையில் சிறு தொகை மீதி இருக்கிறது. ஒரு கடையில் வாங்கிய பழைய யு.பி.எஸ். இரண்டாம் மாதமே கைவிட்டதால் எதிர்பாராத செலவு வந்தது. கடல் காற்றின் உப்பில் இரண்டு கணினிகளின் இணைப்பு முனைகள் துருப்பிடித்துவிட்டன. அவற்றையும் பார்க்க வேண்டும்.

இடம் தந்த ரியூசன் நிலைய உரிமையாளருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், ரோல்ஸ் செய்து அனுப்பிய வீட்டாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வாடகை கூடும் என்று சொல்லிவிட்டார்கள். நான்காவது வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன். யாரும் வராவிட்டால், குறிப்பேடு முடியும்வரை இருக்கவே விரும்புகிறேன். முடிந்ததும் 41 பக்கங்களையும் பிரதி எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுப்பது என் திட்டம். இன்னும் 25 பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. கொப்பியும் பேனையும் வாசல் மேசையில், பொருளாளரின் பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தேத்தண்ணி இன்றைக்கு எட்டு மணி வரை உண்டு.

இங்ஙனம்,
செயலாளர்